அமெரிக்கப் போரின் கடைசிக் குண்டு கடலூரில் வெடித்தது

இந்த எபிசோடைக் கேட்கிறவர்களில் பாண்டிச்சேரிக்கு வீக்எண்ட் ட்ரிப் போகாத ஆள் யாராவது இருக்கீங்களா? இருந்தா ஆச்சரியம்தான். அங்கே வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்தத் தெருக்களில் ஒன்றின் பெயர் சுஃப்ரென் தெரு. கொஞ்சம் தள்ளி லால் பகதூர் சாஸ்திரி தெரு இருக்கிறது. அதன் பழைய பெயர் புஸ்ஸி வீதி, பெரியவர்கள் இன்னைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். புஸ்ஸி என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது.

யார் இந்த சுஃப்ரென், யார் இந்த புஸ்ஸி? ரெண்டு பேரும் பிரெஞ்சுத் தளபதிகள். ரெண்டு பேரும் 1783 ஜூன் மாதம் கடலூரில் இருந்தார்கள். அந்த மாதம் அங்கே நடந்த சண்டையைத்தான் பல வரலாற்றாசிரியர்கள் அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை என்று கணக்கு வைக்கிறார்கள். ஆமாம், சரியாத்தான் கேட்டீங்க. ஜார்ஜ் வாஷிங்டன், பாஸ்டன் தேநீர், அந்தப் போர்தான். பாஸ்டனில் ஆரம்பித்த தகராறு முடிந்த இடம் நம்ம கெடிலம் ஆறு கடலில் சேருகிற ஊர்.

எனக்கு ஊர் ஆண்டிமடம். ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், முந்திரிக் காடும் செம்மண்ணும் நிறைந்த ஊர். அங்கிருந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரை நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், கடலூர் 60 சொச்சம். அவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் 'இரண்டாம் மைசூர்ப் போர், 5 மார்க்' என்ற அளவில்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்கா என்ற சொல் அந்தப் பாடத்தில் வரவே இல்லை. அமெரிக்கப் புத்தகங்களில் கடலூர் வருவதும் அபூர்வம்தான்.

சரி, கதையை அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.

எட்டு பேரில் ஒருவர்

அமெரிக்கா தன் வரலாற்றில் கௌரவக் குடியுரிமை கொடுத்த ஆட்கள் மொத்தம் எட்டு பேர்தான். சர்ச்சில் இருக்கிறார், அன்னை தெரசா இருக்கிறார். எட்டாவதாக 2014-ல் சேர்க்கப்பட்டவர் பெர்னார்டோ டி கால்வெஸ். ஸ்பெயின்காரர். 1746-ல் மலகா பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். 1777 ஜனவரியில் ஸ்பெயினின் கையில் இருந்த லூசியானாவுக்கு ஆளுநராகப் பொறுப்பேற்றபோது வயது முப்பதுதான். நம்ம ஆடியன்ஸ் வயசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது ஸ்பெயின் போரில் இல்லை, வெளியே நடுநிலை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் கால்வெஸ் கையில். மிசிசிப்பி ஆறு வழியாக அமெரிக்கப் புரட்சியாளர்களுக்கு வெடிமருந்து, துணி, மருந்து எல்லாம் அவர் கண்டும் காணாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஆலிவர் பொல்லாக் என்ற ஐரிஷ் வியாபாரி இடைத்தரகர். 1779 ஜூனில் ஸ்பெயின் வெளிப்படையாகப் போரில் இறங்கியதும் கால்வெஸ் காத்திருக்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே பேட்டன் ரூஜ் கோட்டை, 1780 மார்ச்சில் மொபைல், 1781-ல் பென்சகோலா. மூன்றும் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து பறித்தவை.

பென்சகோலாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏன்னா பின்னால் நம்ம கடற்கரையோடு ஒப்பிட இது தேவைப்படும். 1781 மார்ச்சில் ஸ்பானியக் கப்பற்படை வளைகுடா வாசலுக்கு வந்தது. முதல் பெரிய கப்பல் மணல் திட்டில் தட்டியது. கரையில் பிரிட்டிஷ் பீரங்கி வேறு. கடற்படைத் தளபதி, 'உள்ளே வரமாட்டேன், கப்பல் போய்விடும்' என்றார். கால்வெஸ் தரைப்படை ஆள், கடற்படை அவர் சொன்னபடி கேட்காது. என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தக் கட்டுப்பாட்டில் இருந்த 'கால்வெஸ்டவுன்' என்ற சின்னக் கப்பலில் ஏறி, தன் கொடியைப் பறக்கவிட்டு, பீரங்கிக்கு நடுவில் உள்ளே போய்விட்டார். வெட்கப்பட்டோ என்னவோ, மற்றக் கப்பல்கள் பின்னால் வந்தன. மே 10-ம் தேதி பென்சகோலா சரணடைந்தது. 'நான் மட்டும் தனியாக' என்று பொருள்படும் இரண்டு ஸ்பானியச் சொற்களைத் தன் குடும்பச் சின்னத்தில் பொறித்துக்கொள்ள ஸ்பானிய அரசர் அவருக்கு அனுமதி கொடுத்தார். டெக்சாஸில் இருக்கும் கால்வெஸ்டன் நகரம் இவர் பெயரில்தான்.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? சுதந்திரத்துக்காகப் போராடும் அடுத்த வீட்டுக்காரனுக்கு உயிரைப் பணயம் வைத்து உதவி செய்த மனிதர்.

இப்ப இன்னொரு தேதி சொல்கிறேன். 1781 மே 18. பென்சகோலா விழுந்து எட்டாவது நாள். அன்றைக்குப் பெரு நாட்டின் குஸ்கோ நகரச் சதுக்கத்தில் இரண்டாம் டூபக் அமாரு என்பவரை ஸ்பானிய அரசு கொன்றது. ஸ்பெயினின் வரிகளுக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராக ஆண்டிஸ் மலை மக்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்தவர். அந்த வரிச் சீர்திருத்தங்களின் பின்னால் இருந்த அமைச்சர் ஹோசே டி கால்வெஸ். பெர்னார்டோவின் சொந்தச் சித்தப்பா.

அதாவது ஒரே பேரரசு, ஒரே மாதம், ஒரே குடும்பம். ஒரு பக்கம் பிரிட்டனின் குடியேற்றங்கள் விடுதலை பெற உதவி, இன்னொரு பக்கம் தன் குடியேற்றத்தில் விடுதலை கேட்டவனுக்கு மரணம். கால்வெஸ் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஸ்பெயினுக்கு வேண்டியது ஃபுளோரிடா, மினோர்கா, ஜிப்ரால்டர். அமெரிக்கர்களோடு அது நேரடி ஒப்பந்தம்கூடப் போடவில்லை, பிரான்சோடு மட்டும்தான் போட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வாருங்கள்.

சரடோகாவிலிருந்து மாஹேவுக்கு

1777 அக்டோபரில் நியூயார்க் பக்கம் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுசாகச் சரணடைந்தது. 'அட, இவர்கள் ஜெயித்துவிடுவார்கள் போலிருக்கே' என்று பிரான்ஸ் நம்ப ஆரம்பித்தது. 1778 பிப்ரவரி 6-ல் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை. அது பிரிட்டனோடு போருக்குச் சமம். போர் என்றால் ஐரோப்பாவில் மட்டுமா? செய்தி சென்னைக்கு வந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாண்டிச்சேரியை முற்றுகையிட்டது. 1778 அக்டோபரில் பாண்டிச்சேரி வீழ்ந்தது. 1779 மார்ச்சில் கேரளக் கரையில் இருந்த மாஹேவும்.

மாஹேதான் திருப்பம். மைசூரின் ஐதர் அலிக்கு ஆயுதமும் வெடிமருந்தும் வந்து இறங்குகிற துறைமுகம் அது. 'அது என் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதீர்கள்' என்று அவர் எச்சரித்திருந்தார். கம்பெனி தொட்டது. ஏற்கெனவே 1769 உடன்படிக்கைப்படி கம்பெனி தனக்கு உதவிக்கு வரவில்லை என்ற கோபம் வேறு. 1780 ஜூலையில் சுமார் 80,000 பேர் கொண்ட படையோடு ஐதர் கணவாய்கள் வழியாகக் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். இங்கே கர்நாடகம் என்றால் இன்றைய மாநிலம் இல்லை. ஆற்காட்டு நவாபின் நாடு, நம்ம வடதமிழ்நாடு. செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. நவம்பருக்குள் ஆற்காடு ஐதர் கையில்.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு இது டிபெண்டன்சி சங்கிலி மாதிரி தெரிகிறது. சரடோகாவில் ஒரு மாற்றம், மூன்று வருடம் கழித்துக் காஞ்சிபுரத்தில் எல்லாம் உடைகிறது. நடுவில் இருக்கிற கிராமத்துக்காரருக்கு சரடோகா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

சங்கிலி எதிர்ப்பக்கமும் ஓடியது. 1782 ஏப்ரல் 8, அமெரிக்காவின் டெலவேர் வளைகுடா. பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு சின்னப் போர்க்கப்பல், ஜோஷுவா பார்னி என்ற இளம் கேப்டன். எதிரில் அதைவிட வலுவான பிரிட்டிஷ் கப்பல் 'ஜெனரல் மங்க்'. அரை மணி நேரத்துக்குள் அமெரிக்கர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். ஜெயித்த கப்பலின் பெயர்? 'ஹைதர் அல்லி'. நம்ம ஐதர் அலியேதான். ஃபிலிப் ஃப்ரெனோ என்ற அமெரிக்கக் கவிஞர் அந்தக் கப்பலைப் பற்றி எழுதியும் இருக்கிறார். பிரிட்டனை அடிக்கிற ஒரு ராஜா எங்கேயோ இருக்கிறார் என்பது அந்த ஊர்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐதருக்கு அந்தக் கப்பலைப் பற்றித் தெரிய வாய்ப்பே இல்லை.

பார்த்துவிட்டுப் போன கப்பல்கள்

இப்ப பென்சகோலாவை நினைவில் கொண்டு வாருங்கள். 1781 மார்ச்சில் கால்வெஸ் தனியாக உள்ளே போனார் இல்லையா? அதற்கு ஒரு மாதம் முன்னால் கடலூரில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பிரிட்டிஷ் தளபதி சர் அயர் கூட், வயதானவர், உடம்பு சரியில்லை, கடலூரில் மாட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐதரின் குதிரைப்படை. கிராமங்கள் எரிந்து கிடந்தன, தரைவழியாக ஒரு மூட்டை அரிசி வராது. சோறு வருவதாக இருந்தால் சென்னையிலிருந்து கடல்வழியாகத்தான் வர வேண்டும். சரியாக அந்த நேரம் கடலூர்க் கரைக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்றது. தளபதி டோர்வ். எதிர்க்க ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அங்கே இல்லை. அவர் சும்மா அங்கேயே நங்கூரம் போட்டுக் கொஞ்ச வாரம் நின்றிருந்தால் போதும், கூட்டின் படை பட்டினியில் சரணடைந்திருக்கும். ஐதர் ஆள் மேல் ஆள் அனுப்பி 'இருங்கள், இருங்கள்' என்று கேட்டுக்கொண்டார். தரையிறக்கப் படை இல்லை, தண்ணீர் குறைகிறது என்ற கணக்கில் டோர்வ் பிப்ரவரி நடுவில் பாய் விரித்துக் கிளம்பி மொரிஷியஸ் பக்கம் போய்விட்டார்.

இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்திருக்கக்கூடிய தருணங்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் இதை முதலில் வைப்பேன். 'அப்படி நடந்திருந்தால்' கணக்கு எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் இங்கே தேவைப்பட்டது வீரம்கூட இல்லை, வெறும் காத்திருப்பு.

கப்பல் போனது, அரிசி வந்தது. அந்த ஜூனில் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். மதில் சுவருக்குப் பின்னால் ஐதரின் ஆட்கள் இருந்தார்கள், தாக்குதல் தோற்றது. ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை. கூட் பக்கம் 8,000 சொச்சம், ஐதர் பக்கம் அதைப் போலப் பல மடங்கு. இருந்தும் ஐதர் பின்வாங்க வேண்டி வந்தது. கடலிலிருந்து ஒரு கப்பல் பீரங்கியால் கூட்டுக்கு உதவி செய்தது. ஆங்கிலேயரைத் தரையில் அழித்துவிடலாம், கடலை வற்றவைக்க முடியாதே என்று ஐதர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, நிலைமை அதுதான்.

குண்டான கடல் தளபதி

இங்கேதான் சுஃப்ரென் வருகிறார். பியர் ஆந்த்ரே டி சுஃப்ரென். 1729-ல் தெற்கு பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டிய வயது. பருத்த உடம்பு, உடை விஷயத்தில் அக்கறையே கிடையாது, வாய் கொஞ்சம் கடுசு. தன் கேப்டன்களை வெறுத்தார், அவர்களும் அவரை வெறுத்தார்கள். இன்றைய கம்பெனி எதிலாவது இருந்திருந்தால் வாராவாரம் எச்ஆர் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் சண்டை என்று வந்தால் நிற்கத் தெரியாத ஆள்.

இவர் ஏற்கெனவே அமெரிக்கக் கடலில் சண்டை போட்டவர். 1778-ல் ரோட் தீவின் நியூபோர்ட் பக்கமும், 1779-ல் கிரெனடாவிலும். 1781 மார்ச்சில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பற்படை கிளம்பியது. வழியில் அது ரெண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி டி கிராஸ் தலைமையில் மேற்கே போனது. அதுதான் யார்க்டவுன் கடலை அடைத்து, அக்டோபரில் கார்ன்வாலிஸைச் சரணடைய வைத்து, அமெரிக்காவுக்குச் சுதந்திரத்தை ஏறக்குறைய உறுதி செய்தது. இன்னொரு சின்னப் பகுதி, ஐந்து போர்க்கப்பல், சுஃப்ரெனோடு கிழக்கே கிளம்பியது. அமெரிக்காவின் தலையெழுத்தும் தமிழ்நாட்டின் தலையெழுத்தும் ஒரே துறைமுகத்திலிருந்து ஒரே நாள் புறப்பட்டன.

மொரிஷியஸில் டோர்வ் படையோடு சேர்ந்து வந்தார். 1782 பிப்ரவரியில் டோர்வ் கடலிலேயே இறந்துபோக, தலைமை சுஃப்ரெனுக்கு வந்தது. அதன் பிறகு பதினாறு மாதத்தில் ஐந்து கடற்சண்டை, எதிரில் ஐந்து முறையும் அதே பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம். ஈசிஆரில் கல்பாக்கம் தாண்டும்போது டச்சுக் கோட்டை இருக்கிறதே, அந்தக் கடல். ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை. ஜூலையில் நாகப்பட்டினம். செப்டம்பரில் திருகோணமலை. கடைசியாகக் கடலூர். ஐந்திலும் எந்தப் பக்கமும் ஒரு போர்க்கப்பலைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மாலுமிகள் செத்தார்கள்.

இதில் எனக்கு வியப்பு சண்டை இல்லை, சண்டைக்கு நடுவில் நடந்த வேலை. ஹியூஸுக்கு அடிபட்டால் பழுதுபார்க்கப் பம்பாயில் கப்பல் தளம் இருந்தது. சுஃப்ரெனுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. பாண்டிச்சேரி பிரிட்டிஷ் கையில். மொரிஷியஸ் ரொம்ப தூரம், போனால் திரும்ப மாதக்கணக்கு. அவருடைய அரசாங்கமே 'மொரிஷியஸுக்குத் திரும்பலாம்' என்று சொல்லியும் அவர் போகவில்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைப் பிடுங்கிப் பெரிய கப்பலில் நட்டார். கடலூரை 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்தார்கள், அங்கே ஐதர் கொடுத்த மாடும் அரிசியும் பணமும்தான் அவர் மாலுமிகளுக்குச் சாப்பாடு. ஆகஸ்டில் திருகோணமலையை நாலைந்து நாளில் பிடித்து ஒரு துறைமுகத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டார். வடகிழக்குப் பருவமழைக்கு சுமத்ராவின் ஆச்சேவுக்குப் போய் ஒதுங்கினார். அமெரிக்கக் கடற்படை எழுத்தாளர் ஆல்ஃபிரட் மஹான் நூறு வருடம் கழித்து எழுதிய புத்தகத்தில் சுஃப்ரெனுக்கு நீண்ட அத்தியாயமே ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான்.

1782 ஜூலை கடைசியில் கடலூர் பக்கம் ஐதரும் சுஃப்ரெனும் நேரில் சந்தித்தார்கள். டோர்வை நம்பி ஏமாந்த ஐதருக்கு, கடைசியில் நிற்கிற ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சி. ஆனால் சுஃப்ரெனோடு வந்த தரைப்படைத் தளபதி டுஷெமின் அப்படி இல்லை. ஐதர் 'வா, கூட்டோடு மோதலாம்' என்று கூப்பிட்டபோது, பெரிய படையோடு புஸ்ஸி வரட்டும் என்று தயங்கினார்.

சுஃப்ரெனின் கணக்கில் ஒரு கறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு சென்னையோடு ஒத்துவரவில்லை, தன்னிடம் சாப்பாடு இல்லை என்று, பிடித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் கைதிகளை ஐதரிடம் ஒப்படைத்தார். மைசூர்ச் சிறைகள் எப்படி இருந்தன என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நடுவில் இருந்தவர்கள்

இந்த மூன்று வருடம் நம்ம பக்கத்து மக்களுக்கு என்ன ஆச்சு? வேகமாகத் தாண்டிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஐதரின் போர்முறையே எதிரிக்குச் சோறு கிடைக்காமல் செய்வது. அதற்குக் கிராமத்தை எரிக்க வேண்டும், ஏரிக்கரையை உடைக்க வேண்டும், மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஆற்காட்டிலிருந்து தஞ்சாவூர் வரை அதுதான் நடந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக் கரையில் திப்பு, கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சுற்றி வளைத்துப் பிடித்தார். கொள்ளிடத்தின் இந்தப் பக்கம் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், எங்க ஊர். பரங்கிப்பேட்டைக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்த எந்தக் கிராமமும் நிம்மதியாகத் தூங்கியிருக்காது. தஞ்சைப் பக்கம் அந்த வருடங்களை 'ஐதர் கலாபம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமி ஊர்வலம் நின்றுபோனது, ஊரே காலியானது என்றெல்லாம் சொல்லும் கதைகள் அந்தப் பெயரோடு வரும்.

கிராமங்களிலிருந்து ஓடியவர்கள் சென்னையில் போய்க் குவிந்தார்கள். பஞ்சம். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ராயபுரம் பக்கம் ஆரம்பித்த சத்திரம்தான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் இருக்கிற நண்பர்கள் அடுத்த தடவை அந்த வழியாகப் போகும்போது பாருங்கள், மாஹேவும் சரடோகாவும் அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.

அப்புறம் சிப்பாய்கள். கம்பெனிப் படையில் பெரும்பாலானோர் நம்ம ஆட்கள். பிரெஞ்சுப் படையிலும் சிப்பாய்ப் பிரிவுகள் இருந்தன. ஐதர் படையிலும் நம்ம மொழி பேசுகிறவர்கள். வெர்சாய் அரண்மனைக்கும் லண்டனுக்கும் நடக்கிற சண்டையில் மூன்று பக்கமும் செத்தது யார் என்று எண்ணிப் பார்த்தால், 'அமெரிக்கப் போர்' என்ற பெயரே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதே நேரம் ஐதர் வெறும் அழிவு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1772-ல் கணவரைக் காளையார்கோவிலில் இழந்த வேலு நாச்சியார் விருப்பாச்சிக் கோபால நாயக்கரிடம் தஞ்சம் புகுந்தார். அவருக்குத் திண்டுக்கல்லில் வைத்து உதவி கொடுத்தது ஐதர்தான். அந்தத் துணையோடு 1780-ல் சிவகங்கையை அவர் மீட்டார். சிவகங்கைக்கு ஐதர் ஒரு கால்வெஸ். தஞ்சாவூருக்கு அவர் வேறு ஆள்.

1783 ஜூன்

1782 டிசம்பர் 7-ல் சித்தூர் பக்கம் முகாமிலேயே ஐதர் இறந்தார். திப்பு மேற்குக் கரைக்கு விரைந்தார், மங்களூர் முற்றுகை அங்கே காத்திருந்தது. ஒருவழியாக 1783 மார்ச்சில் புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இரண்டாயிரம் சொச்சம் பிரெஞ்சு வீரர்களோடு வந்து இறங்கினார். முப்பது வருடத்துக்கு முன்னால் ஐதராபாத்தையே ஆட்டிவைத்த புஸ்ஸி இல்லை இது. அறுபதைத் தாண்டி, கீல்வாதத்தில் முடங்கிய புஸ்ஸி. கடலூரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏப்ரலில் அயர் கூட்டும் சென்னையில் இறந்துபோனார். போரை ஆரம்பித்த தலைகள் எல்லாம் போய்விட்டன, போர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் வாரம் ஜெனரல் ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து வந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்த் தெற்கே, கேப்பர் மலைப் பக்கம் முகாமிட்டார். பின்னால் பாரதியாரை அடைத்துவைத்த கடலூர்ச் சிறை இருக்கிறதே, அந்த மலைதான். ஜூன் 13-ல் தாக்குதல். உச்சி வெயில். ஒரே நாளில் பிரிட்டிஷ் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 1,000 பேர். அன்றிரவு புஸ்ஸி வெளிக் காவலரண்களை விட்டுவிட்டுக் கோட்டைச் சுவருக்குள் போய்விட்டார். ரெண்டு பக்கமும் தோற்ற மாதிரி ஒரு நாள்.

அடுத்த வாரம் சுஃப்ரென் வந்தார். அவரிடம் 15 போர்க்கப்பல், ஹியூஸிடம் 18. ஆள் பற்றாக்குறைக்குக் கடலூர்க் கோட்டையிலிருந்து 1,200 வீரர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஒரு வேடிக்கை: டி கிராஸ் 1782-ல் மேற்கிந்தியத் தீவுகளில் தன் கொடிக்கப்பலோடு பிரிட்டிஷாரிடம் பிடிபட்டதால், இனித் தளபதிகள் சண்டை வரிசைக்கு வெளியே சின்னக் கப்பலில் இருந்துதான் கட்டளையிட வேண்டும் என்று பிரெஞ்சு அரசர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் சுஃப்ரென் அந்த ஒரு சண்டையை மட்டும் வெளியே நின்று நடத்தினார். ஜூன் 20, சுமார் மூன்று மணி நேரம் பீரங்கி. எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் ஸ்கர்வியில் சுருண்டு கிடந்தார்கள், குடிநீர் தீர்ந்திருந்தது. அவர் சென்னைக்கு விலகிப் போனார். இப்ப கடல் சுஃப்ரென் கையில், ஸ்டூவர்ட் நடுவில் மாட்டிக்கொண்டார். 1781-ல் டோர்வ் விட்டுவிட்டுப் போன அதே நிலைமை, அதே ஊர்.

ஜூன் 25 விடியலில் புஸ்ஸியின் ஆட்கள் கோட்டையிலிருந்து வெளியே வந்து தாக்கினார்கள். சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு நேருக்கு நேர் நின்று அதை முறியடித்தார்கள். அதுதான் கடைசி.

ஏன்னா மாதக் கடைசியில் 'மீடியா' என்ற பிரிட்டிஷ் கப்பல் வெள்ளைக் கொடியோடு கடலூருக்கு வந்தது. போர் முடிந்துவிட்டது என்ற செய்தி. எப்போது முடிந்ததாம்? ஜனவரி 20-ம் தேதி, பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. அமெரிக்கர்கள் அதற்கும் முன்னால், 1782 நவம்பர் 30-லேயே. ஒரு மெசேஜ் டெலிவர் ஆக ஐந்து மாதம். ஜூன் 13-ல் செத்தவர்கள், 20-ல் செத்தவர்கள், 25-ல் செத்தவர்கள், எல்லோரும் சமாதானக் காலத்தில் செத்தவர்கள்.

கூட்டாளி என்ன ஆனார்

அமெரிக்கர்களைப் பொறுத்தவரை கால்வெஸும் டி கிராஸும் செய்த உதவி கடைசி வரை நின்றது. கையில் ஒரு நாடு மிஞ்சியது. திப்புவுக்கு?

செய்தி வந்த உடனே புஸ்ஸி சண்டையை நிறுத்தினார். அதோடு விடவில்லை, மங்களூரில் திப்புவோடு நின்றிருந்த பிரெஞ்சுப் பிரிவையும் விலகச் சொன்னார். முற்றுகை பாதியில் இருந்தது. திப்புவைக் கேட்டு யாரும் வெர்சாயில் பேசவில்லை, அவர் பெயரில் யாரும் கையெழுத்துப் போடவும் இல்லை. நீங்க நம்பி மேலே எல்லாம் கட்டிய லைப்ரரியை, முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் இழுத்து மூடிவிட்டால் எப்படி இருக்கும்? அவர் தனியாக முற்றுகையைத் தொடர்ந்தார். 1784 ஜனவரியில் மங்களூரைப் பிடித்தார், மார்ச் 11-ல் கம்பெனியோடு தானே உடன்படிக்கை போட்டார். கம்பெனி ஓர் இந்திய அரசரிடம் சமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட கடைசிச் சில உடன்படிக்கைகளில் அது ஒன்று.

பிரான்சுக்குப் பாண்டிச்சேரியும் காரைக்காலும் திரும்பக் கிடைத்தன. கடலூர் பிரிட்டனுக்கு. சுஃப்ரென் பிடித்த திருகோணமலை டச்சுக்காரர்களுக்கு. பதினாறு மாதம் ஐந்து சண்டை போட்டதற்கு வரைபடத்தில் மிஞ்சிய மாற்றம் ரொம்பக் கொஞ்சம். சுஃப்ரென் திரும்பிப் போகிற வழியில் கேப் டவுனில் நின்றபோது, அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் கேப்டன்களே அவர் கப்பலுக்குப் போய் மரியாதை செய்தார்கள். 1788-ல் பாரிஸில் இறந்தார். 2020-ல் பிரான்ஸ் படையில் சேர்த்த அணுசக்தி நீர்மூழ்கிக்கு அவர் பெயர்தான். கால்வெஸ் மெக்சிகோவில் ஸ்பெயின் அரசரின் வைஸ்ராயாக உயர்ந்து, 1786-ல் நாற்பது வயதில் அங்கேயே இறந்தார். புஸ்ஸி 1785-ல் பாண்டிச்சேரியில் இறந்தார்.

இன்னொருவர் பாக்கி. யார்க்டவுனில் டி கிராஸின் கப்பல்கள் கடலை அடைத்ததால் சரணடைந்தாரே, கார்ன்வாலிஸ், அவர் 1786-ல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். 1792 பிப்ரவரியில் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் சுவருக்கு வெளியே நின்றபோது கடலில் சுஃப்ரென் மாதிரி யாரும் இல்லை. திப்பு பாதி நாட்டையும், பிணையாகத் தன் இரண்டு பையன்களையும் கொடுத்தார். கைக்கு வந்த பாதியில் திண்டுக்கல்லும் இருந்தது, வேலு நாச்சியாருக்கு ஐதர் உதவி கொடுத்த அதே திண்டுக்கல்.

வேலு நாச்சியாரையும் கோபால நாயக்கரையும் இன்னைக்கு ரெண்டு வரியில் முடித்துவிட்டேன், அடுத்த எபிசோடு முழுக்க விருப்பாச்சிதான். அதுவரைக்கும், கடலூர்க்காரர்கள் யாராவது கேப்பர் மலைப் பக்கம் போனால் மேலே நின்று கடல் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஸ்டூவர்ட்டுக்கு ஹியூஸின் பாய்மரங்கள் விலகிப் போனது அங்கிருந்து தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.